அந்தோணியார் சேவல் வறுவல்

சேசு மரி சூசை

நாகலூர்
28.9.1986

தம்பி ஜேசுதாசுக்கு அக்கா இன்பமேரி எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நேற்று மத்தியானம் உன் மாமாவைச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வேன் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. நாலு பேர் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் முதலில் போனது கொல்லைப்பக்கம், சேவலைப் பார்க்க. கூடை கவிழ்த்தபடியே இருந்தது. தூக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை.

மரநாய் தூக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயி வந்து நின்றாள். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க தம்பிதானுங்க புடிச்சுட்டுப் போனாரு. அந்தோணியாருக்கு நேந்துட்டதுங்க, தொடாதீங்க சாமின்னு நானும் சொன்னனுங்க. கேக்கலீங்க" என்றாள். அத்தோடு விட்டாளா? "எங்க மாரியம்மனுக்கு நேந்துட்டத எங்க ஊட்டுக் கொளந்தகூடத் தொடாதுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அது என்ன சேவல் என்று உனக்குத் தெரியும். குஞ்சாக இருந்தபோது நாய் கவ்வி அதன் கால் முறிந்தது. மாமாதான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மஞ்சள் பற்றுப் போட்டுக் காப்பாற்றினார். ஆகஸ்டில் அவர் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, நான் அந்தச் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு எஸ்டேட்டில் அந்தோணியார் குடியிருக்கிற கெபிக்குப் போனேன். கால் முறிந்து நடந்த சேவல் இது, இதையே உமக்குத் தருகிறேன், அவரை நடக்கவையும் என்று அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அவர் எழுந்து நடந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு.

அப்புறம்தான் எனக்கு நீ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த தூக்குப்போசி ஞாபகம் வந்தது. அந்தக் கோழி வறுவல் இதுதானா? நீயும் உன் பெண்டாட்டி அமலியும் நடத்துகிற மெஸ்ஸில் எத்தனையோ கோழி அடிக்கிறீர்கள். அது வேறு ஏதோ கோழி என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது.

என் வடச்சட்டியையும் காணவில்லை. பஸ் கண்டக்டர் பொன்னுவேலுவிடம் கொடுத்தனுப்பு. நீ வராதே. வாசலில் வந்து நின்றால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா

*

ஏற்காடு
1.10.1986

அன்புள்ள அக்காவுக்கு ஜேசுதாஸ் எழுதுவது.

பொய்யாவது எழுது என்றீர்கள். உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அது அதுதான் அக்கா. நான்தான் பிடித்தேன், நான்தான் அறுத்தேன், நான்தான் வறுத்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சேலம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுப் பக்கம் மழையில் மண் சரிந்து வண்டியெல்லாம் நின்றுவிட்டது. எனக்குக் கீழேயிருந்து வரவேண்டிய பிராய்லர் கோழி வரவில்லை. ஊர் திரும்ப முடியாமல் லாரி முதலாளி செங்கோடன் குடும்பத்தோடு நம் மெஸ்ஸில் வந்து உட்கார்ந்தார். சேலத்தில் பெரிய புள்ளி. அவர் வாயால் நாலு பேரிடம் சொன்னால் மெஸ் தூக்கிக்கொள்ளும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "கோளி வறுவல் இருக்குதுங்களா?" என்றார். இருக்குதுங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. அமலி அடுப்படியிலிருந்து என்னை முறைத்தாள்.

நாகலூர் பஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாயி சொன்னது அத்தனையும் நிஜம். நேர்ந்துவிட்டது என்று தெரிந்துதான் தொட்டேன். கோழிக்குக் கோழி, இதைவிட எடையான சேவல் ஒன்றை வாங்கிக் கூடையில் விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஹோட்டல்காரன் புத்தி அப்படித்தான் போயிற்று. கெபிக்கு முன்னால் நின்று "அந்தோணியாரே, இது கைமாத்து" என்று சொல்லிவிட்டும் வந்தேன். வடச்சட்டி கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்தது, கூடவே எடுத்துக்கொண்டேன்.

வயதான சேவல். என் வழக்கப்படி முட்டையும் மைதாவும் தோய்த்து எண்ணெயில் போட்டால் செருப்பாக வரும். அதனால் முதலில் உங்கள் பக்குவம். மஞ்சள், உப்பு, தட்டின சின்ன வெங்காயம் போட்டு அதன் தண்ணீரிலேயே வேகவைத்தேன். தண்ணீர் சுண்டினதும் என் பக்குவம், சூடான கடலெண்ணெயில் இறக்கிவிட்டேன். சிவப்புப் பொடி தீர்ந்துபோயிருந்தது, போடவில்லை. கடைசியில் நம் மலை மிளகை இடித்துத் தூவினேன். மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று இப்போதுதான் உறைக்கிறது.

மாமாவுக்கென்று காலும் கொஞ்சம் கறியும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் குப்பனூர் ரோடு வழியாகச் சேலத்துக்கு இறங்கின ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். விஷயத்தைச் சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் போசியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டீர்கள். "இப்பத்தான்டா கண்ணு நீ சமைக்கப் பழகியிருக்கற. எங்கையில கூட இப்படி வந்ததில்ல" என்றீர்கள். ஹோட்டல் கோழி கோழியே இல்லை, சாயம் போட்ட சக்கை என்று மெஸ் திறந்த நாளிலிருந்து சொல்லிவந்த வாய் அது. அந்தப் பேச்சைக் கேட்டபிறகு எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. அப்படியே எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல சேவலாகத் தேடித்தேடி நாள் போய்விட்டது. இப்போது கரடியூரிலிருந்து ஒன்று வாங்கிப் பொன்னுவேலுவிடம் அனுப்புகிறேன். சட்டியும் வருகிறது. தேய்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா?

தம்பி ஜேசுதாஸ்

*

சேசு மரி சூசை

நாகலூர்
6.10.1986

தம்பிக்கு,

சட்டி வந்தது. சேவலைத் திருப்பி அனுப்புகிறேன். பாவம் பொன்னுவேலு, அதற்கும் டிக்கெட் போட்டாயா என்று பஸ்ஸில் ஏறினவர்களெல்லாம் கிண்டல் செய்தார்களாம். இனிமேல் உயிருள்ள எதையும் தூக்கிவரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கைமாற்று என்று எழுதியிருக்கிறாயே, வெட்கமாக இல்லையா உனக்கு? அடுத்த வீட்டில் ஆழாக்குச் சர்க்கரை வாங்கினாற்போல. நான் எதைப் பிடித்துக்கொண்டு பேசினேனோ அதுதான் நேர்ச்சை. வேறொரு சேவலைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தோணியாருக்கு அடையாளம் தெரியாதா? பாதரிடம் போய்க் கேட்டேன். "அந்தோணியாருக்குப் பசி கிடையாதும்மா, வேற ஒண்ணு குடுங்க, போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டிலில் கிடப்பது அவர் வீட்டுக்காரர் இல்லையே.

மாமாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? அவரே சரியாகப் பேசுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் தேறி எழுந்ததும் கோழி அடித்துச் சாப்பிடலாம் என்று ஆறுதல் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். மருந்தில் நாக்குச் செத்துவிட்டது போலிருக்கிறது. நவம்பர் கடைசியில் கட்டைப் பிரிப்பார்களாம். அதற்கப்புறம் கால் ஊன்றினால்தான் தெரியும்.

அதுவரை நான் வாய் திறக்கப்போவதில்லை. நீயும் திறக்காதே. கால் நல்லபடியாக வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. இதைக் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

அக்கா

*

ஏற்காடு
24.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோழி வறுவலை நிறுத்திவிட்டேன். மெஸ் போர்டில் அந்த வரியை ஈரத்துணியால் அழித்தேன். இப்போது முட்டை, மீன், வெறும் சோறு. வருகிறவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அமலி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். "தப்பு பண்ணுனது நீங்க. வியாபாரம் படுத்தா படறது நானுங்களா?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான்.

செங்கோடன் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். "அன்னிக்குப் போட்டீங்களே, அதே கோளி வேணுமுங்க. சேலத்துல எந்த ஓட்டல்லயும் அந்த ருசி இல்லீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இப்படி ஒருவர் சொல்லமாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இல்லீங்க, தீர்ந்துபோச்சுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்துகொண்டேன். வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டுவீர்கள். நீங்கள் திருப்பி அனுப்பின கரடியூர்ச் சேவலைக் கடையைச் சாத்திக்கொண்டு, அன்றைக்குச் செய்த மாதிரியே வறுத்துப் பார்த்தேன். விற்க இல்லை. அந்த ருசி வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதுவாக இல்லை. வீட்டுக் கோழி ஒசத்தியா ஹோட்டல் கோழி ஒசத்தியா என்று எத்தனை வருஷம் சண்டை போட்டோம் அக்கா. அந்த ஒன்று எதில் சேர்த்தி? உங்கள் வீட்டு ராகியைத் தின்று வளர்ந்தது. உங்கள் சட்டி, உங்கள் பக்குவம். அடுப்பும் எண்ணெயும் என்னுடையது. வீட்டுக் கோழியும் இல்லை, ஹோட்டல் கோழியும் இல்லை, திருட்டுக் கோழி. திருடினதால்தான் அத்தனை ருசியாக இருந்ததோ என்றுகூட நினைக்கிறேன்.

ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் அருள் நிறைந்த மரியே பாதியில் நிற்கிறது, எண்ணெய் என்ன சூட்டில் இருந்தது என்ற யோசனை வந்துவிடுகிறது. என்னைப்போல ஒரு கேவலமான மனுஷன் வருந்துவதை அந்தோணியார் எதில் சேர்ப்பாரோ தெரியவில்லை.

தம்பி

*

சேசு மரி சூசை

நாகலூர்
30.11.1986

தம்பிக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். படம் பிடித்துப் பார்த்து எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் அங்கேயே முழங்காலில் நின்றேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் காலைக் கீழே வைக்கவில்லை. கட்டில் ஓரத்துக்கு வருகிறார், நல்ல காலைத் தொங்கவிடுகிறார், மற்றதைக் கையால் பிடித்து மேலேயே வைத்துக்கொள்கிறார். வலிக்குதுங்களா என்றால் இல்லை என்கிறார். பின்னே ஏனுங்க என்றால் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். சாயங்காலம் நான் காப்பிக் காட்டிலிருந்து திரும்பும்போதும் காலையில் விட்டுப்போன மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்.

எஸ்டேட் ரைட்டர் பெருமாள் வந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான், சொல்ல வேண்டியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பொங்கலுக்குள் மாமா வேலைக்கு வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த இந்த லைன் வீட்டை வேறு ஆளுக்குத் தர வேண்டியிருக்கும் என்று ஆபீசில் பேச்சாம். மரம் ஏறச் சொல்லவில்லை, களத்தில் உட்கார்ந்து காப்பி காய்வதைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் களம் வரை நடந்து வர வேண்டுமே. வீடு போனால் நாங்கள் எங்கே போவது?

இதுவரை உன்னைத் திட்டித் திட்டியே எழுதினேன். இன்றைக்கு என்னைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பன்னும் பாலும் தின்று நாளை ஓட்டினேன். அந்த நேரத்தில்தான் நீ போசியைக் கொண்டுவந்து வைத்தாய். நான் தின்றேன் ஜேசு. புருஷன் கட்டிலில் காலில் எடை கட்டிக் கிடக்கிறார், நான் எலும்பைக் கடித்து உறிஞ்சினேன். பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரம் வாசனை பிடித்துக்கொண்டு வந்து "புள்ளைக்கு ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டாள். தீர்ந்துபோச்சுங்க என்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்தது. நீ போனபிறகு போசியின் அடியில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்தேன்.

நீ எடுத்தாய், சரி. அந்தோணியார் பங்கை அப்படி ருசித்து, கேட்டவளுக்கும் கொடுக்காமல் தின்றது நான்தானே. அவர் காலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் நாக்கை இழுத்து வெளியே போடலாம் போலிருக்கிறது. கால் போனால் என் நாக்கால்தான் போகும்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, அதுவும் உன்மேல் இத்தனை கோபத்தோடு.

அக்கா

*

ஏற்காடு
4.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்ததும் நாகலூருக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் இடுப்பில் காப்பிக் கூடையோடு மற்றப் பெண்களுக்குப் பின்னால் தனியாக நடந்து போனீர்கள். மெலிந்துபோய்விட்டீர்கள். நீங்கள் திரும்பினால் தெரிந்துவிடுமே என்று இன்னும் பின்னால் ஒதுங்கினேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அக்கா, நீங்கள் தின்றது பாவம் இல்லை. பசித்தவர் தின்றீர்கள். தெரிந்து செய்தவன் நான், தெரியாமல் தின்றவர் நீங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். நீங்கள் அப்படி எழுதியதைப் படித்துவிட்டு நான் மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைக்கிறேன்.

மாமாவிடம் சொல்லிவிடுங்கள். காரணம் என்னவென்று தெரியாமல் அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார். உங்களால் முடியாவிட்டால் நான் வந்து காலில் விழுந்து சொல்கிறேன். மாமா என்னை அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருக்கிறது. அடிப்பதற்கு எழுந்து நின்றுவிட்டார் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

இனிச் சாகும்வரை கோழியைத் தொடமாட்டேன், தின்னவும் மாட்டேன், வறுக்கவும் மாட்டேன் என்று நானும் அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டேன். மாமா நடந்தால் போதும்.

ஜேசுதாஸ்

*

சேசு மரி சூசை

நாகலூர்
12.12.1986

தம்பிக்கு,

நின்று நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை காட்டு வேலை முடிந்து வந்து, கூடையை வைத்துவிட்டு அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டனுங்க என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். நேர்ந்தது, நீ பிடித்தது, போசி, என் நாக்கு, எல்லாம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும் புள்ள" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன்.

"காலு எனக்குத்தான வந்துச்சு. எலும்புல ஒரு முண்டு இருந்துச்சு. நான் பத்த வெச்சுக் கட்டுன எடம். நாக்குல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

ஆஸ்பத்திரியிலேயே தெரிந்திருக்கிறது ஜேசு. சேவலை நேர்ந்துகொண்டது அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். தெரிந்துமா தின்றீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"நீ கண்ண மூடிட்டுத் தின்னுட்டிருந்த. நான் உளுந்ததுல இருந்து நீ வயிறாரத் தின்னு அன்னிக்குத்தான் பாத்தேன். உந்தம்பி பரிசு வாங்குன கொளந்தையாட்டம் உம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தான். நான் துப்புனா நீங்க ரெண்டு பேருமில்ல எந்திரிச்சுருவீங்க. முழுங்கிட்டேன். முழுங்குனதுக்கு அப்பறம்..." என்று நிறுத்தினார். அப்புறம் என்னங்க என்றேன். "நொம்ப நல்லா இருந்துச்சு புள்ள. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னனே, ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நேர்ந்ததைத் தெரிந்தே தின்றவனுக்கு எப்படிக் கால் வரும் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றபோதும் நம்பவில்லை. "கீழ வெச்சு அது நிக்காமப் போச்சுன்னா? வெக்காத வரைக்கும் நிக்குமோன்னு ஒரு நெனப்பாச்சும் இருக்குதில்ல" என்றார். நாற்பது வயது மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு போசிக் கறியைத் தின்றுவிட்டு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் இத்தனை நாள் தனித்தனியாக வெந்திருக்கிறோம். நீ வேறு அங்கே கோழியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். "தின்னது எல்லாரும். அந்தோணியாரு உங்க ஒரு காலை மட்டும் எதுக்குப் புடிச்சு வெச்சுக்கறாரு? எந்திரிங்க" என்று அதட்டினேன். அவரை நான் அதட்டினதே இல்லை. கையை என் தோளில் போட்டுக்கொண்டார். காலை மெல்ல இறக்கினார். தரையில் பட்டதும் உடம்பெல்லாம் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. விட்டுடு புள்ள என்றார். நான் விடவில்லை.

நின்றுவிட்டார்.

இப்போது கம்பு ஊன்றிக் கொல்லைவரைக்கும் போய்வருகிறார். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, சாய்ந்துதான் நடக்கிறார். மரம் ஏறுகிற பிழைப்பு இனி இல்லை. ரைட்டர் பெருமாள் நேற்று வந்து கண்ணால் பார்த்துவிட்டு, பொங்கல் கழித்துக் களத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லிப் போனார். வீடு தப்பியது.

சாகும்வரை கோழி தொடமாட்டேன் என்று நீ நேர்ந்துகொண்டதைப் படித்துக் காட்டினேன். "அவன் சோத்துல அவனே மண்ணப் போட்டுக்கறான். அதெல்லாம் அந்தோணியாரு கேட்டாரா?" என்றார் மாமா. நீ பேசாமல் போர்டில் அந்த வரியை எழுது.

அக்கா

*

ஏற்காடு
16.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். நின்றுவிட்டார் என்ற இடத்தில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அமலி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளினாள். பிறகு அவளும் படித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குச் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் வெறும் ரசம்தான்.

மாமா தெரிந்தே முழுங்கினார் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. பரிசு வாங்கினவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றாராமே. ஆமாம், அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டில் எழுதச் சாக்குக்கட்டி எடுத்தேன், கை வரவில்லை. அந்தோணியாரிடம் வாய்விட்டுச் சொன்னதை எப்படி மாற்றுவது? பாதரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தச் சேவலுக்கு ஈடாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள். எதுவானாலும் செய்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரலாமா? உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நின்று மாமா நடப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

தம்பி

*

சேசு மரி சூசை

நாகலூர்
21.12.1986

அன்புள்ள தம்பி ஜேசுவுக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது.

சேவல் விஷயம் முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை மாமாவே கண்ணாயி வீட்டில் ஒரு சேவலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கம்பும் மறு பக்கம் நானுமாகக் கெபிக்கு நடந்து போனார். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். சுரூபத்துக்கு முன்னால் அதை இறக்கிவிட்டு, "இது அது இல்லீங்க. அதை நான் தின்னுட்டேன். இருந்தாலும் வெச்சுக்குங்க" என்று சத்தமாகவே சொன்னார். நவநாளுக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் முகம் மட்டும் தெளிந்துவிட்டது.

உன் நேர்ச்சையைப் பற்றிப் பாதரிடம் கேட்டேன். பிழைப்புக்கு வைத்திருப்பதை நேர்ந்துவிட யாருக்கும் உரிமை இல்லை, அதற்குப் பதில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு அவன் கையால் ஒரு வேளை சோறு போடட்டும் என்றார். அமலியையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமையே வந்துவிடு. வாசலில் நிற்கிற வேலையெல்லாம் வேண்டாம். உன்னை நான் அத்தனை பேசியிருக்கக் கூடாது. பேசும்போதே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

நேற்றுப் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கப் போனேன். அங்கே சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது சாமியாருக்குத்தானே, எனக்கில்லையே. அதனால் எழுதுகிறேன். நீ யாரிடமும் படித்துக் காட்டாதே.

மரத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். பாதர் பொறுமையாகக் கேட்டார். "இதுக்கெல்லாம் மனஸ்தாபம், செஞ்சுட்டமேங்கற வருத்தம், இருக்குதாம்மா?" என்றார்.

"அந்தப் புள்ளைக்குக் குடுக்காததுக்கு இருக்குதுங்க சாமி. தம்பியப் பேசுனதுக்கு இருக்குதுங்க. தின்னதுக்கு..." என்றேன்.

"தின்னதுக்கு?" என்றார்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் மண்டி போட்டிருக்கும்போதே, சொன்னால் நம்பமாட்டாய், நாக்கில் எச்சில் ஊறியது. பொய் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்குவதா? எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"சாமி, அது நொம்ப நல்லா இருந்துச்சுங்க."

இன்றைக்கு எனக்கு மன்னிப்பு இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு பாதர் தட்டிக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "யார் வறுத்தது?" என்றார்.

"எந்தம்பிங்க சாமி. ஏற்காட்டுல மெஸ் வெச்சிருக்கானுங்க" என்றேன்.

அக்கா இன்பமேரி